பிரேக் டிஸ்க்கும் பேட்டும்: விலைக்கு முன் அளவு

மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடைகளில் அன்றாடம் கேட்கும் வார்த்தை இது: "நானா, முன் பிரேக் பேட் ஒரு செட் தாங்க, ஆகக் குறைஞ்ச விலையில." கடைக்காரரும் ராக்கையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்து விடுவார். டிஸ்க் எப்படி இருக்கிறது என்று வாங்குபவரும் சொல்வதில்லை, விற்பவரும் கேட்பதில்லை. பேட் தேய்ந்தால் மாற்றுவது, டிஸ்க் வளைந்தால் மட்டும் மாற்றுவது என்பதே நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது.

இந்த வழக்கம் இப்போது ஆபத்தாகி வருகிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்து வருடங்கள் புது பைக் வரவு மிகவும் குறைந்திருந்தது. இருந்த பைக்குகளே தொடர்ந்து ஓடின. சரக்கு விநியோகத்துக்கும் சாப்பாட்டு டெலிவரிக்கும் இரட்டிப்பாக ஓடின. அவற்றில் இரண்டு மூன்று தடவை பேட் மாற்றியிருப்பார்கள். டிஸ்க் மட்டும் பழையதுதான்.

டிஸ்க்கின் உடம்பைக் கூர்ந்து பார்த்தால் "மின் டிஎச்" என்ற எழுத்துகளும் ஓர் இலக்கமும் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த மில்லிமீட்டர் அளவுக்குக் கீழே தேய்ந்த டிஸ்க்கைப் பாவிக்கக் கூடாது என்பது அதன் பொருள். சிறிய பைக்குகள் பலவற்றில் புது டிஸ்க் 4 மி.மீ. தடிப்பு, ஆகக் குறைந்த அளவு 3.5 மி.மீ. ஆக, தேய்வதற்கு இருப்பதே அரை மில்லிமீட்டர்தான். இதை அளக்க வேர்னியர் போதாது. தேய்ந்த டிஸ்க்கின் வெளி ஓரத்தில் தேயாத வரம்பு ஒன்று நிற்கும். வேர்னியரின் தாடை அதன் மேல் உட்கார்ந்து, டிஸ்க் நன்றாக இருப்பதாகக் காட்டிவிடும். ஒரு மைக்ரோமீட்டர் வாங்கி கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், பேட் கேட்டு வருபவருக்கு டிஸ்க்கும் தேவையா இல்லையா என்று கையோடு காட்டலாம். வாய்ப்பேச்சால் விற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

பிரேக் பிடிக்கும்போது லீவர் கையில் துடித்தால், டிஸ்க் வளைந்திருக்கலாம் அல்லது ஒரு பக்கம் கூடத் தேய்ந்திருக்கலாம். சில பாஸ்மார் உடனே லேத்துக்கு அனுப்பச் சொல்கிறார்கள். கார் டிஸ்க்குக்கு அது சரியாக வரலாம். மொத்தமே அரை மில்லிமீட்டர் இடமுள்ள பைக் டிஸ்க்கை சீவினால் என்ன மிஞ்சும்?

எந்த பேட், எந்த டிஸ்க்குக்கு?

பேட்டில் பிரதானமாக இரண்டு வகை. பிசின் கலவையால் செய்த ஓர்கானிக் பேட் மென்மையானது, டிஸ்க்கை அதிகம் தின்னாது. ஆனால் கடும் சூட்டில் பிடி தளரும். உலோகத் தூளை அழுத்திச் சூடாக்கிச் செய்யும் சின்டர்ட் பேட் சூட்டையும் மழையையும் தாங்கும், நீண்ட காலம் உழைக்கும், விலையும் கூட. இரண்டுக்கும் இடைப்பட்டதாக செமி மெட்டாலிக் உண்டு. கொழும்புத் தெருக்களில் ஓடும் 100 அல்லது 125 சிசி பைக்குக்கு ஓர்கானிக் தாராளமாகப் போதும். ஆனால் சாமான் கட்டிக்கொண்டு கடுகண்ணாவை, நுவரெலியா பக்கம் ஏறி இறங்குபவருக்கு அதையே கொடுப்பது சரியல்ல. அவருடைய டிஸ்க் தாங்குமென்றால் சின்டர்ட் பேட்டைச் சொல்லலாம். மலிவான, மென்மையான உருக்கில் செய்த டிஸ்க்கில் சின்டர்ட் பேட்டைப் போட்டால் பேட் அப்படியே இருக்கும், டிஸ்க் கரைந்துவிடும்.

நல்ல பேட் பலவற்றின் பின் தகட்டில் எப்எப், ஜிஜி, எச்எச் என்று இரண்டு எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து சூடேறும் முன் உள்ள பிடியையும், இரண்டாவது சூடேறிய பின் உள்ள பிடியையும் குறிக்கும். உராய்வுக் குணகம் எப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை, எச் என்றால் அதற்கும் மேல். எச்எச் என்று பெட்டியில் இருந்தால் ஆகச் சிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது பிடியின் அளவு மட்டும்தான். எவ்வளவு காலம் உழைக்கும் என்று அது சொல்லாது. பாரம் குறைந்த பைக்கில், ஈரத் தெருவில், பழக்கமில்லாதவர் கையில் மிதமிஞ்சிய பிடியும் சில்லை இறுக்கிச் சறுக்க வைத்துவிடும்.

பைக்கின் பெயரை மட்டும் கேட்டு டிஸ்க் கொடுப்பதும் தவறு. பல்சர் 150 என்ற ஒரே பெயரில் 240 மி.மீ. முன் டிஸ்க்கும் உண்டு, 260 மி.மீ. டிஸ்க்கும் உண்டு. வருடத்தைக் கேளுங்கள், பழைய பாகத்தைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆணித் துளைகளையும் நடுத்துளையையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். பேட்டிலும் தகட்டின் வடிவம், காது, பின் போகும் துளை எல்லாம் ஒத்திருக்க வேண்டும். பஞ்சிகாவத்தையில் மொத்தமாக எடுக்கும்போது பெட்டியின் பளபளப்பில் மயங்காமல் ஒரு செட்டைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. உராய்வுப் பகுதி தகட்டோடு இடைவெளியில்லாமல் ஒட்டியிருக்கிறதா, ஓரம் உதிர்கிறதா, இரண்டு பேட்டும் ஒரே தடிப்பா என்பவை கண்ணுக்கே தெரியும்.

கொம்பனிப் பொருள் அல்லாததை விற்பது குற்றமல்ல. தரமான மாற்றுப் பொருள்கள் நிறையவே இருக்கின்றன. அதை "ஜெனுயின்" என்று சொல்லி விற்பதுதான் குற்றம். பாவனையாளரைத் தவறாக வழிநடத்துவதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடை செய்கிறது. பற்றுச்சீட்டில் பொருளின் பெயரையும் இலக்கத்தையும் உள்ளபடி எழுதிக் கொடுத்தால் பிறகு வரும் வாக்குவாதம் பாதி குறையும்.

பொருத்தும் விடயத்தில் கராஜ்காரர்கள் இரண்டு மூன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு பக்கப் பேட் மட்டும் தேய்ந்திருந்தால் கலிப்பரின் பின் அல்லது பிஸ்டன் இறுகியிருக்கிறது என்று அர்த்தம். அதைச் சுத்தம் செய்யாமல் புது பேட் போட்டு என்ன பயன்? ஃபோர்க் எண்ணெய் ஊறிய பேட்டைப் பெற்றோலில் கழுவி மீண்டும் போடக் கூடாது, இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புது பேட் போட்டதும் லீவரைப் பலமுறை அழுத்தி இறுக்கம் வந்த பிறகே பைக்கை வெளியே விடவேண்டும். முதல் இருநூறு கிலோமீட்டர் வரை அவசரமில்லாத இடங்களில் மெதுவாகப் பிடித்துப் பழக்கும்படி வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள்.

பிரேக் ஒயிலும் இதோடு சேர்ந்ததுதான். டொட் 3, டொட் 4 இரண்டும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் இறக்கத்தில் சூடேறும்போது கொதித்து, லீவர் வெறுமையாகிவிடும். பெரிய டின்னைத் திறந்து வைத்து மாதக்கணக்கில் சில்லறையாக ஊற்றி விற்கும் கடைகள் அதை நிறுத்திவிட்டு, சீல் உடைக்காத சிறு போத்தல்களையே எடுத்து வைக்கலாம்.