குருதித் துளியும் நிணநீர்ப் புற்றுநோயும்

மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் மாரி தொடங்கியதும் டெங்குக் காய்ச்சலும் கூடவே வந்துவிடுவதால், நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்து குருதியைப் பார்ப்பவருக்கு அம்மாதங்களில் ஒரு விசேஷமான சங்கடம் நேருகிறது. டெங்குக் கிருமியை எதிர்த்துக் கிளர்ந்தெழும் நிணநீர்க்குழியங்கள் பருத்து, நீலம் பாரித்து, அயலிலுள்ள செங்குழியங்களை அணைத்தபடி நிற்கும் கோலம், அனுபவம் குறைந்த கண்ணுக்குப் புற்றுநோய்க் கலங்களின் கோலமாகவே தோற்றக்கூடும்.

லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய் பெரும்பாலும் கழுத்து, அக்குள், அரை ஆகிய இடங்களிலுள்ள நிணநீர்க்கணுக்களில், அநேகமாக நோவில்லாத வீக்கமாகவே தோன்றுவது. அதன் கலங்கள் குருதியில் இறங்குவது எல்லா நோயாளரிடத்தும் நிகழ்வதன்று. 1832 இல் தோமஸ் ஹொட்ச்கின் என்னும் ஆங்கில வைத்தியர் விவரித்த வகைக்குரிய இராட்சதக் கலங்களைக் குருதியிற் காண்பது மிக அபூர்வம். ஆதலால், "இரத்தம் சோதித்தோம், ஒன்றுமில்லை" என்று கணுவீக்கத்தை மறந்துவிடுதல் பெரும் ஆபத்து.

குருதியில் இறங்கிய கலங்களைக் காண்பதற்கோ, ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, மற்றொரு தகட்டைச் சாய்த்துத் தள்ளி மெல்லிய படலமாக இழுத்து, உடனே உலர்த்தி, லீஷ்மன் சாயம் ஊற்றவேண்டும். இந்தியாவில் இராணுவ வைத்தியராயிருந்த வில்லியம் லீஷ்மன் 1901 இல் வெளியிட்ட இச்சாயம் கருவுக்கு ஊதா வர்ணத்தையும் செங்குழியத்துக்கு இளஞ்சிவப்பையும் தரும். ஈரக்காற்றில் படலம் மெதுவாய் உலர்ந்தால் குழியங்களின் உருவம் கெட்டுவிடும். குழாயில் நெடுநேரம் கிடந்த குருதியும் அவ்வாறே பொய்த்தோற்றம் காட்டும். முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு மாதிரியை அனுப்ப நேரிட்டாலும், படலத்தை இங்கேயே இழுத்துவிடுவது உத்தமம் என்பது இதனாலேயே.

நன்கு அமைந்த படலத்தில், ஆழமாகப் பிளந்த கருவையுடைய சிறு கலங்கள் பொலிக்குலர் வகையையும், முனைகளில் மெல்லிய மயிர் நீட்சிகளையுடையவை மண்ணீரலைப் பற்றும் வகையையும், மூளை மடிப்புப்போல் சுருண்ட கருவுள்ளவை தோலைப் பற்றும் செஸாரி வகையையும் சந்தேகிக்கச் செய்யும். முதிராச் செங்குழியங்களும் முதிரா வெண்குழியங்களும் ஒருங்கே தென்படுமாயின், என்புமச்சைக்குள் நோய் புகுந்திருக்கலாம். எனினும் உருவம் மட்டும் நிர்ணயமாகாது. கலங்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு லேசர் ஒளி பாய்ச்சும் கருவி, பீ வகைக் குழியங்களின் மேலுள்ள கப்பா, லம்டா என்னும் இரு அடையாளங்களைக் கணக்கிடுகிறது. கிருமியை எதிர்க்கும் கூட்டத்தில் இரண்டும் கலந்திருக்க, ஒரே கலத்தின் சந்ததியாகிய புற்றுக் கூட்டத்தில் ஒன்றே மிகுந்திருக்கும்.

டெங்குவால் வந்த விசித்திரக் குழியங்கள் காய்ச்சல் தணிந்து சில வாரங்களில் மறைந்துவிடும். மறையாமல் நிலைத்தாலோ, கழுத்துக் கட்டி வற்றாமலிருந்தாலோ, அக்கணுவையே வெட்டியெடுத்துச் சோதிக்கும்படி வைத்தியர் கூறுவார். அதற்குத் தயங்கி நாளைக் கடத்தலாகாது.