சுவரும் பூச்சும்

“சுவரை வைத்தன்றோ சித்திரம் எழுதவேண்டும்” என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. உடலைப் பேணாது பெருஞ்செயல் முடிக்க நினைப்போருக்கு அறிவுரையாகவே இதனைப் பெரும்பாலும் எடுத்துக்கூறுவர். வீட்டின் உட்சுவருக்கு வர்ணம் பூசுவதைத் தொழிலாகக் கொண்டவருக்கோ இஃது உவமையன்று. தொழிலின் முதல் விதியே இதுதான். கைதேர்ந்த தொழிலாளி ஓர் அறைக்குள் நுழைந்ததும் வர்ண வாளியைத் திறப்பதில்லை. சுவரைத் தடவிப் பார்க்கிறார், தட்டிப் பார்க்கிறார், வெளிச்சம் சுவரின்மீது சாய்ந்து விழும் யன்னலோரத்தில் நின்று மேடுபள்ளங்களை நோக்குகிறார். நான்கு நாள் வேலையில் முதல் இரண்டு நாளும் அவர் கையில் தூரிகையே ஏறாமல் இருப்பதும் உண்டு. அந்நாட்களை வீண் நாட்களென வீட்டுக்காரர் கருதலாகாது. பூச்சின் ஆயுள் தீர்மானிக்கப்படுவது அந்நாட்களிலேதான்.

பண்டிகை நெருங்கும்போதோ, வீட்டில் ஒரு மங்கல காரியம் குறித்தபோதோ சுவர்களைப் புதுப்பித்தல் நமது வழக்கம். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு பகுதி இதற்குச் செலவாகிறது. சுவர் சில மாதங்கள் பளபளக்கிறது. பின்னர் ஓரிடத்தில் கொப்புளம் எழுகிறது. இன்னோரிடத்தில் பூச்சு தோலுரிகிறது. தரையையொட்டி வெண்ணிற உப்புப் பூக்கிறது. வாங்கிய தீந்தை மட்டமானதென்று ஒருவரும், பூசியவர் ஏமாற்றிவிட்டாரென்று மற்றொருவரும் குறைகூறுகின்றனர். பெரும்பாலான வேளைகளில் குற்றம் தீந்தையிலும் இல்லை, பூசியவர் கையிலும் இல்லை. சுண்ணாம்புக்குரிய பழக்கத்தைப் புதிய தீந்தைக்கும் கைக்கொண்டதே குற்றம்.

இதனை விளங்கிக்கொள்ளச் சுண்ணாம்பின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். சுண்ணக்கல்லைச் சூளையிலிட்டு ஏறத்தாழ 900 பாகை செல்சியசு வெப்பத்தில் சுட்டால், அதிலுள்ள காபனீரொட்சைட்டு வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். நீர் சேர்க்க அது கொதித்து நீறும். நீறிய சுண்ணாம்பைக் கரைத்துச் சுவரில் அடித்தால், காற்றிலுள்ள அதே வாயுவை மெல்ல மெல்ல ஏற்று மீண்டும் கல்லின் தன்மையை அடையும். ஆகவே சுண்ணாம்புப் பூச்சு என்பது சுவரின்மேற் படிந்த மெல்லிய கல். அக்கல்லில் எண்ணற்ற நுண்டுளைகள் உள. சுவரின் ஈரம் அவற்றின் வழியே தங்குதடையின்றி வெளியேறும். சுண்ணாம்பு அடிப்போர் சுவரை நனைத்துவிட்டே அடிப்பதும் இதனாலேதான். ஈரம் அதற்குப் பகையன்று, துணை.

இன்று கடைகளில் விற்கப்படும் தீந்தைகளின் இயல்பு வேறு. எமல்சன் எனப்படும் தீந்தையில் செயற்கைப் பிசினின் நுண்டுளிகள் நீரிற் கலந்துள்ளன. நீர் ஆவியாகும்போது அத்துளிகள் ஒன்றோடொன்று நெருங்கி இணைந்து ஒரு தோலாகின்றன. எனாமல் எனப்படும் எண்ணெய்த் தீந்தையோ காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்று இறுகி, இன்னும் அடர்ந்த தோலாகிறது. தோல் என்றபின் அது சுவரைப் பற்றிக்கொண்டு நிற்றல் வேண்டும். பின்னாலிருந்து ஈரம் தள்ளினால் பிடி தளரும். கொப்புளம் என்பது வெளியேற வழியின்றித் தவிக்கும் ஈரமே.

இங்கே கவனிக்கத்தக்க உண்மை ஒன்றுண்டு. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் தீபாவளி வருவது மாரி தொடங்கும் வேளையில். தைப்பொங்கல் வருவது மாரி ஓயும் வேளையில். இரண்டுக்கும் முன்னுள்ள வாரங்கள் சுவர்கள் நீர் குடித்து நிற்கும் வாரங்கள். சுண்ணாம்பு ஆண்ட காலத்தில் இதனால் தீங்கு நேரவில்லை. அதே வாரங்களில் எமல்சன் பூசும்போது, ஈரத்தை உள்ளே வைத்து மூடிவிடுகிறோம். வடக்கிலும் கிழக்கிலும் உள்ளோர் மாசி, பங்குனி மாதங்கள் கழிந்து சுவர் நன்கு உலர்ந்தபின் வேலையைத் தொடங்குதல் நலம். மேற்கிலும் தென்மேற்கிலும் உள்ளோர் வைகாசியில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையைத் தவிர்த்தல் வேண்டும். பண்டிகைக்குப் புதுப்பித்தே ஆகவேண்டுமெனின், பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே பொருத்தமானது.

சுவரில் ஈரம் உண்டா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு முழ அகலமுள்ள பொலித்தீன் துண்டைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு நாள் முழுவதும் விடுக. மறுநாள் அதன் உட்புறத்தில் நீர்த்துளி அரும்பியிருந்தாலோ, அவ்விடத்துச் சுவர் கறுத்திருந்தாலோ பூச்சுக்குக் காலம் இன்னும் வரவில்லையென்று கொள்க. அவ்வீரம் எங்கிருந்து வருகிறது என்பதை அடுத்து ஆராய்தல் வேண்டும். உடைந்த ஓடு, ஒழுகும் குழாய், சுவரோரத்தில் தேங்கும் நீர், அடித்தளத்திலிருந்து மேலேறும் நிலத்தடி ஈரம் எனக் காரணம் பலவாகலாம். காரணத்தைத் தீர்க்காமற் பூசுவது, புண்ணை ஆற்றாமற் கட்டுப்போடுவதை ஒக்கும். கழுவப்படாத கடல்மணல் கலந்த சாந்தாற் கட்டிய சுவரில் இத்தொல்லை மிகும். மணலிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தையும் இழுத்து, உவராகப் பூத்துப் பூச்சைத் தள்ளும்.

ஈரத்துக்கு அடுத்த பகை காரம். புதிய சீமெந்துச் சாந்து கடுங்காரத் தன்மை உடையது. எண்ணெய்த் தீந்தையை அதன்மேல் உடனே பூசினால், எண்ணெயும் காரமும் சேர்ந்து சவர்க்காரமாகிவிடும். பூச்சு பிசுபிசுத்து இளகும். ஆகவே புதிதாகச் சாந்து பூசிய சுவரைக் குறைந்தது 28 நாட்களேனும், மழைக்காலமாயின் அதனினும் நீண்டகாலமும், ஆறவிடுதல் வேண்டும். அதன் பின்னரும் காரத்தைத் தாங்கவல்ல முதற்பூச்சைப் பூசியே மேற்பூச்சுக்குச் செல்லுதல் முறை.

மூன்றாவது பகை தளர்ந்த பழம்பூச்சு. உள்ளங்கையாற் சுவரைத் தேய்த்துப் பார்த்தால் கையில் வெண்பொடி ஒட்டுமாயின், அச்சுவரில் எந்தத் தீந்தையும் நிலையாது. தீந்தை பற்றுவது பொடியை. பொடியோ சுவரைப் பற்றியிருக்கவில்லை. அப்பொடியைச் சுரண்டிக் கழுவி நீக்குதல் வேண்டும். குசினிச் சுவரின் எண்ணெய்ப் பிசுக்கைச் சவர்க்கார நீரால் அகற்றி, நல்ல நீரால் அலசுதல் வேண்டும். பூஞ்சணம் படிந்த இடத்தை வெளிற்றும் தூள் கரைத்த நீராற் கழுவி உலரவிடலாம்; அந்நீரோடு அமிலத்தையோ அமோனியாவையோ ஒருபோதும் கலத்தலாகாது, நச்சுவாயு எழும். வெடிப்புகளை மேலோட்டமாக மூடாமல், கூரிய கருவியாற் சற்று அகலமாக்கி, தூசு போக்கி, பட்டியை அழுத்தி நிரப்புதல் வேண்டும். அது காய்ந்தபின் அரத்தாளாற் சமன்செய்க. விளக்கொன்றைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தால், பகலிற் புலப்படாத மேடுகளும் நிழலிட்டுத் தம்மைக் காட்டிக்கொடுக்கும்.

அரத்தாளைக் கையில் எடுக்குமுன் ஓர் எச்சரிக்கை. பழைய வீடுகளின் கதவுகளிலும் யன்னல்களிலும் சுவர்களிலும் உள்ள எண்ணெய்த் தீந்தையில் ஈயம் இருத்தல் கூடும். ஒரு காலத்தில் வெண்மைக்கு ஈய வெள்ளையும், மஞ்சளுக்கு ஈயக் குரோமேற்றும் பெரிதும் பயன்பட்டன. அவுஸ்திரேலியாவின் பிரிசுபேன் நகரில் மருத்துவர் லொக்காட் கிப்சன் என்பார், குழந்தைகளைப் பீடித்த ஈய நஞ்சுக்கு விறாந்தைக் கம்பிகளிலும் அறைச் சுவர்களிலும் பூசிய தீந்தையே காரணமென்று 1904 இல் எடுத்துக்காட்டினார். பொடிந்த தீந்தை குழந்தைகளின் கையில் ஒட்டி, கைவழியே வாய்க்குச் சென்றது. சர்வதேசத் தொழில் தாபனம் 1921 இல் கட்டிடங்களின் உட்புறப் பூச்சில் ஈய வெள்ளையைச் சில விலக்குகளோடு தடைசெய்யும் உடன்படிக்கையை நிறைவேற்றியது. ஐக்கிய அமெரிக்கா வீட்டுத் தீந்தையில் ஈயத்தை 1978 இல் தடுத்தது. இலங்கையில் ஈயத்தின் அளவுக்கு எல்லை விதிக்கும் கட்டளை 2011 இல் பிறப்பிக்கப்பட்டு 2013 இல் நடைமுறைக்கு வந்தது. இன்றைய வாளிக்குச் சட்டம் உண்டு. நேற்றைய சுவருக்கு வீட்டாரின் விழிப்பே காவல். பழம்பூச்சை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசு பறக்கவிடலாகாது. எரித்து நீக்கவும் கூடாது. நீர் தெளித்து நனைத்தே தேய்த்து, உதிர்ந்ததை ஈரத்துணியாற் கூட்டியெடுத்து, பையிற் கட்டி அகற்றுதல் வேண்டும். வேலை நடக்கும் அறைக்குக் குழந்தைகளும் கருவுற்ற தாய்மாரும் வருதலாகாது. தேய்ப்பவரும் வாயையும் மூக்கையும் தூசு புகாத கவசத்தால் மூடுதல் வேண்டும்.

ஈய வெள்ளையின் இடத்தைப் பின்னர் பிடித்துக்கொண்டது தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்னும் வெண்பொடி. இதனை உண்டாக்கப் பயன்படும் இல்மனைற்று என்னும் கனியம் திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டைக் கரையிற் கருமணலாகக் கிடக்கிறது. உலகின் வெள்ளைச் சுவர்களுக்கான மூலப்பொருள் கறுப்பு நிறத்தில் நமது கடலோரத்தில் இருப்பது வியப்புக்குரியதன்றோ?

இனித் தீந்தையின் அளவு. பன்னிரண்டடி நீளமும் பத்தடி அகலமும் பத்தடி உயரமும் உள்ள அறையின் நான்கு சுவர்களும் 440 சதுர அடி. ஏழடிக்கு மூன்றடிக் கதவொன்றும், நாலடிக்கு நாலடி யன்னல்கள் இரண்டும் 53 சதுர அடியைக் குறைக்க, எஞ்சுவது 387. இரு பூச்சுக்கு 774 சதுர அடி. சமதளமான சுவரில் ஒரு லீற்றர் எமல்சன் ஒரு பூச்சுக்கு ஏறத்தாழ 110 சதுர அடி பரவுமெனக் கொண்டால், ஏழு லீற்றர் வேண்டும். சொரசொரப்பான சுவர் இன்னும் அதிகம் குடிக்கும். ஒரே நிறத்து வாளிகளிடையேயும் சிறு வேற்றுமை இருத்தல் கூடுமாகையால், எல்லாவற்றையும் பெரிய பாத்திரமொன்றில் ஒன்றாகக் கலந்து பயன்படுத்துவோர் அனுபவசாலிகள். நிறத்தையும் அட்டையைப் பார்த்து முடிவுசெய்யாமல், சுவரில் ஓரிரு சதுர அடி பூசி, உலர்ந்தபின் பகலிலும் விளக்கொளியிலும் பார்த்துத் தெரிவுசெய்தல் நன்று. பளபளப்பு மிகுந்த தீந்தை சுவரின் குறையை எடுத்துக்காட்டும். மங்கல் தீந்தை அதனை மறைக்கும்.

பூசும்போது மேலிருந்து கீழே வருதல் வேண்டும்: முதலில் உட்கூரை, அடுத்துச் சுவர், இறுதியிற் கதவும் யன்னலும். தூரிகையின் மயிரில் மூன்றிலொரு பங்கே தீந்தையில் தோய்தல் போதும். உருளை எட்டாத மூலைகளையும் விளிம்புகளையும் முதலில் தூரிகையால் நாலு விரலகலம் பூசிக்கொண்டு, அது காயுமுன்னரே உருளையாற் சுவரின் நடுவை நிரப்புதல் வேண்டும். உழுபவர் முன்சாலையொட்டியே அடுத்த சாலை ஓட்டுவதுபோல, ஈரம் மாறாத விளிம்பையொட்டியே அடுத்த பட்டை செல்லவேண்டும். காய்ந்த விளிம்பின்மேற் பூச்சு ஏறினால் அங்கே கோடு விழும். அதனை அழித்தல் அரிது. ஆதலின் ஒரு சுவரைத் தொடங்கினால் மூலை வரையும் முடித்த பின்னரே ஓய்தல் வேண்டும்.

தடித்த ஒரு பூச்சினும் மெல்லிய இரு பூச்சு உறுதியானது. முதற்பூச்சு தொட்டால் ஒட்டாத நிலையை அடைந்தபோதும் உள்ளே உலர்ந்திராது. வாளியிற் குறித்த நேரம் கழியும்வரை பொறுத்தல் வேண்டும், காற்றில் ஈரம் மிகுந்த நாளிற் பின்னும் நீட்டித்தல் வேண்டும். யன்னல்களைத் திறந்து வைத்தலால் பூச்சும் உலரும். பூசுவோரின் மூச்சுக்கும் நலமாகும். எல்லாம் முடிந்தபின் தீந்தையின் பெயரையும், நிறத்தின் இலக்கத்தையும், பூசிய திகதியையும், சுவர் ஆறக் காத்திருந்த நாட்களின் கணக்கையும் ஒரு தாளில் எழுதி அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைப்பது நல்ல வழக்கம். அடுத்த முறை அவ்வறைக்கு வரும் தொழிலாளி எவராயினும், சுவரின் வரலாற்றை அத்தாளில் வாசித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.