பாக்கிப் பட்டியல் அனுப்ப எக்செல் மேக்ரோ

மாதம் பிறந்தால் மொத்த வியாபாரிகளாகிய நமக்கு முதல் வேலை, வாடிக்கைக் கடைக்காரர்களுக்குப் பாக்கிப் பட்டியல் அனுப்புவதுதான். முன்பு கணக்குப்பிள்ளை பேரேட்டைப் புரட்டிப் பார்த்து, தபால் கார்டில் எழுதிப் போடுவார். இன்று கணக்கு எக்செலில் இருக்கிறது. கடிதம் மின்னஞ்சலில் போகிறது. ஆனாலும் 120 கடைகளுக்குத் தனித்தனியே முகவரி அடித்து, பட்டியலை இணைத்து அனுப்ப, எங்கள் கடைப் பையனுக்கு இரண்டு நாள் பிடித்தது. அதே வேலையை இப்போது மேக்ரோ என்ற வசதியால் ஒரு மணி நேரத்தில் முடிக்கிறோம். இதில் நாங்கள் கற்றதையும் பட்டதையும் உறுப்பினர்களுக்குச் சொன்னால் பயன்படும் என்று எழுதுகிறோம்.

மேக்ரோ என்பது என்ன?

கம்ப்யூட்டருக்கு நாம் எழுதி வைக்கும் கட்டளை வரிசைதான் மேக்ரோ. ‘முதல் வரியில் உள்ள கடையின் பெயரை எடு, பாக்கியை எடு, கடிதம் தயார் செய், பட்டியலை இணை, அடுத்த வரிக்குப் போ’ என்று ஒரு முறை எழுதி வைத்தால், கடைசி வரி வரை அதுவே செய்துவிடும். இதை எழுதும் மொழிக்கு வி.பி.ஏ. என்று பெயர். எக்செலில் இது 1993 முதல் இருக்கிறது. ஆல்ட் விசையுடன் எஃப்11 விசையை அழுத்தினால் எழுதும் இடம் திறக்கும். கோப்பை எக்ஸ்.எல்.எஸ்.எம். வகையாகச் சேமிக்க வேண்டும். சாதாரண வகையில் சேமித்தால் மேக்ரோ அதில் நிற்காது.

கடிதத்தை அனுப்புவது அவுட்லுக். இதில் பழைய முறை அவுட்லுக்தான் மேக்ரோவுக்குக் கட்டுப்படும். விண்டோஸில் ‘நியூ அவுட்லுக்’ என்று வருவது கட்டுப்படாது. பணம் கொடுத்து வாங்குமுன் இதை விசாரித்துக் கொள்ளவும்.

தாள் அமைக்கும் முறை

ஒரு கடைக்கு ஒரு வரி. கணக்கு எண், கடைப் பெயர், மின்னஞ்சல் முகவரி, பாக்கித் தொகை, அனுப்பிய தேதி என்று ஐந்து கட்டங்கள் போதும். பாக்கி இல்லாத கடையையும், அனுப்பிய தேதி விழுந்துவிட்ட கடையையும் விட்டுவிடும்படி மேக்ரோவில் எழுத வேண்டும். அப்படி எழுதினால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரே கடைக்கு இரண்டு கடிதம் போகாது. ஒவ்வொரு கடையின் பட்டியலையும் பி.டி.எஃப். ஆக்கி இணைக்கும் வேலையையும் மேக்ரோவே செய்யும்.

நாங்கள் பட்ட பாடு

தொடங்கிய இரண்டாம் மாதமே ஒரு தவறு நேர்ந்தது. பையன் கடைப் பெயர்களை மட்டும் அகர வரிசைப்படுத்தினான். பக்கத்துக் கட்டங்களையும் சேர்க்கவா என்று எக்செல் கேட்டது. அவன் வேண்டாம் என்று அழுத்திவிட்டான். பெயர்கள் இடம் மாறின, முகவரிகள் அப்படியே நின்றன. ஒரு கடையின் பட்டியல் அதே தெருவில் உள்ள இன்னொரு கடைக்குப் போய்விட்டது. துவரம் பருப்பு விலை அதில் கிலோவுக்கு 2 ரூபாய் குறைவாக இருந்தது.

மறுநாள் காலையில் அவர் நேரில் வந்து நின்றார். “அண்ணாச்சி, இருபது வருஷமா உங்ககிட்டதான் சரக்கு எடுக்கிறேன். எனக்கு ஒரு விலை, அவருக்கு ஒரு விலையா?” என்றார். அவர் ரொக்கம், இவர் 30 நாள் கடன் என்று எடுத்துச் சொன்னோம். கேட்டுக்கொண்டார், ஆனால் மூன்று மாதம் எங்களிடம் சரக்கு எடுக்கவில்லை. தன் கணக்கு அடுத்த கடைக்காரருக்குத் தெரிந்துவிட்டதே என்று மற்றவருக்கும் வருத்தம். கையால் எழுதிய காலத்தில் ஒரு கார்டு மாறிப் போயிருக்கும். மேக்ரோவில் அன்று 17 கடைகளுக்கு மாறிப் போனது.

அதன் பிறகு மூன்று கட்டுப்பாடு வைத்தோம்:

1. முகவரிகள் தனித் தாளில் இருக்கும். கணக்கு எண்ணை வைத்துத்தான் மேக்ரோ முகவரியை எடுக்கும். எண்ணும் பெயரும் பொருந்தாவிட்டால் நின்றுவிடும்.

2. கட்டளையில் ‘சென்ட்’ என்று எழுதினால் கடிதம் உடனே போய்விடும். ‘டிஸ்பிளே’ என்று எழுதினால் திரையில் திறந்து நிற்கும். முதல் பத்துக் கடிதங்களைத் திறந்து பார்த்த பிறகே மற்றவற்றை அனுப்புகிறோம்.

3. மாதந்தோறும் முதல் கடிதம் எங்கள் முகவரிக்கே வரும்.

சேமித்து வைத்தல்

அனுப்புமுன் சேமித்தால் கிடைப்பது வெறும் வரைவு. அனுப்பிய நேரம் அதில் இருக்காது. அனுப்பிய பின் அதே கடிதத்தைச் சேமிக்கச் சொன்னால் மேக்ரோ பிழை காட்டி நிற்கும். ஆகவே, ‘சென்ட் ஐட்டம்ஸ்’ பகுதியில் விழுந்த பிரதிகளை வேறொரு மேக்ரோ மூலம் மறுநாள் சேமிக்கிறோம். கோப்பின் பெயர் கணக்கு எண்ணும் தேதியும். தேதியில் சாய்கோடு போட்டால் விண்டோஸ் ஏற்காது; சிறு கோடு போடவும்.

ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குப் புத்தகங்களை ஆண்டு ரிட்டர்னின் கெடுத் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கடிதங்களையும் அந்தக் காலம் வரை வைத்திருப்பது நல்லது. பாக்கி வழக்கில் மின்னஞ்சலைச் சாட்சியமாகக் காட்ட, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். இதற்கு வக்கீலைக் கலந்துகொள்ளவும்.

ஓர் எச்சரிக்கை

1999-இல் பரவிய மெலிசா வைரஸும் ஒரு மேக்ரோதான். கோப்பைத் திறந்தவரின் முகவரிப் பட்டியலில் முதல் 50 பேருக்கு அது தானே கடிதம் அனுப்பியது. இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை 2022 முதல் மைக்ரோசாஃப்ட் தானாகவே தடுக்கிறது. தெரியாத இடத்திலிருந்து ‘பில்’ என்று எந்தக் கோப்பு வந்தாலும் அந்தத் தடையை நீக்க வேண்டாம் என்று கடைப் பையன்களிடம் இன்றே சொல்லி வையுங்கள்.