கழுத்துக்குள் ஒரு மூன்று புரிக் கயிறு

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில், விடிந்ததும் வலை உதறும் முதிய மீனவர் ஒருவரின் பிடரியைக் கவனித்துப் பாருங்கள். தடித்த தோலில் ஆழமான கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, சாய்சதுரக் கட்டங்கள் விழுந்திருக்கும். அவர் வானம் பார்க்க அண்ணாந்தால் இன்னொரு காட்சி. மோவாய்க்கு நேர் கீழே இருக்கும் தோல் மெலிதாக, கோடுகள் குறைந்து, பத்து இருபது வயது இளையதாகத் தெரியும். கழுத்து ஒன்று, அதில் தோலின் வயது இரண்டு. அவருடைய மோவாய் அரை நூற்றாண்டாகக் குடை பிடித்திருக்கிறது!

ஆனால் ஒன்று இடிக்கிறது. வெயிலே படாத அந்த நிழல் தோலும் தொய்ந்து தொங்கத்தான் செய்கிறது. வெயில் குற்றவாளிகளில் ஒருவர்தான் என்றால், மற்றவர்கள் யார்?

பதிலின் முதல் பகுதி சிதம்பரத்தில் கிடைக்கும். 1981 முதல் ஆண்டுதோறும் மகா சிவராத்திரியையொட்டி நாட்டியாஞ்சலி நடக்கும் ஊர் அது. மேடையில் ஆடுபவரின் கழுத்தைப் பாருங்கள். அபிநய தர்ப்பணம் கழுத்தசைவை நான்காக வகுக்கிறது. தோளும் முகமும் அசையாமல் கழுத்து மட்டும் பக்கவாட்டில் நழுவும் ‘சுந்தரி’ அவற்றில் ஒன்று. தலை இடமும் வலமுமாக ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 80 பாகை திரும்பும். குனியும், நிமிரும், சாயும். இத்தனைக்கும் தோல் ஈடுகொடுக்க வேண்டும். அதனால்தான் நெற்றித்தோல் இறுக்கமாகப் படிந்திருக்க, கழுத்துத் தோல் தளர்வாகவே தைக்கப்பட்டிருக்கிறது. நல்ல தையற்காரர் கைக்குழியில் சற்றே அதிகமாகத் துணி விடுவதுபோல, இயற்கை கழுத்தில் உபரி விட்டிருக்கிறது. இளமையில் அந்த உபரி இருப்பதே தெரியாது. ஏனென்றால் அதை உள்ளே இழுத்துப் பிடிக்க ஒரு கயிறு இருக்கிறது.

அந்தக் கயிற்றின் பெயர் கொலாஜன். தோலின் உட்படையை உலர்த்தி எடை போட்டால் அதில் முக்கால் பங்கு இந்தப் புரதம்தான். அதன் வடிவம் அவிழ்ந்தது நம் ஊரில்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில், முப்பது வயதைச் சற்றே தாண்டிய ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955ஆம் ஆண்டுகளில் ‘நேச்சர்’ இதழில் அதை வெளியிட்டார்கள். மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிய முப்புரி வடம் அது. கடலூர்த் துறைமுகத்தில் படகு கட்டும் கயிற்றைப் பிரித்துப் பாருங்கள். புரிகள் ஒரு திசையிலும் கயிறு எதிர்த்திசையிலும் முறுக்கப்பட்டிருக்கும். எதிர்முறுக்கு இருப்பதால்தான் கயிறு தானாகப் பிரிவதில்லை. கொலாஜனிலும் அதே உத்தி! ஒவ்வொரு சங்கிலியும் இடப்புறமாக முறுக்கியிருக்க, மூன்றும் சேர்ந்து வலப்புறமாக முறுக்கிக்கொள்கின்றன.

இந்த வடத்தின் நடுவில் இடம் மிகக் குறைவு. ஆகவே சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது கண்ணியும், அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியதான கிளைசினாக இருந்தாக வேண்டும். ஏறத்தாழ ஆயிரம் கண்ணிகளில் இந்த ஒழுங்கு பிசகுவதில்லை. வடத்தின் நீளம் அதன் தடிமனைப்போல 200 மடங்கு. ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள கயிறாக அதைப் பெரிதாக்கினால் இரண்டு மீட்டர் நீளும். முறுக்கு நிலைக்க வைட்டமின் சி வேண்டும். அது கிடைக்காத பழங்காலக் கப்பலோட்டிகளுக்கு ஈறு வீங்கி இரத்தம் கசிந்தது, ஆறிய புண்கூடத் திறந்துகொண்டது. கயிறு அவிழ்ந்தால் உடலே அவிழும்.

கயிறு இழுவையைத் தாங்கும். இழுத்த தோலை மீண்டும் பழைய இடத்துக்குக் கொண்டுவர ரப்பர் வேண்டும். அந்த ரப்பர் எலாஸ்டின். தோலின் உலர் எடையில் சில சதவீதம்தான் அது. உடல் அதைப் பெரும்பாலும் கருவிலும் குழந்தைப் பருவத்திலும் நெய்து முடித்துவிடுகிறது. குழந்தையாக இருந்தபோது கட்டிய ரப்பரை வைத்துக்கொண்டுதான் எழுபது வயதிலும் தலையைத் திருப்புகிறோம்!

வெயில் இங்கேதான் புகுகிறது. புற ஊதாக் கதிர் தோலின் உட்படைவரை இறங்கி, கொலாஜனை நறுக்கும் நொதிகளை, அதாவது உடலே செய்துகொள்ளும் வேதிக் கத்தரிக்கோல்களை, முடுக்கிவிடுகிறது. ரப்பர் இழைகள் சிதைந்து, பயனற்ற கட்டிகளாகத் திரள்கின்றன. கறுப்புத் தோலின் நிறமி பெருமளவு காப்பாற்றுகிறது. ஆனாலும் ஐம்பது ஆண்டுக் கடல் வெயில் சிறியதல்ல. புகையிலைப் புகையும் அதே கத்தரிக்கோல்களைத் தூண்டும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் தோலின் கொலாஜன் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குவரை குறையலாம்.

இனி தோலுக்குக் கீழே போவோம். வழியில் ஒரு மாட்டைப் பார்த்துவிடலாம். விலாவில் ஈ உட்கார்ந்ததும் மாடு உடல் முழுவதையும் அசைப்பதில்லை. அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்க்கிறது. தோலோடு ஒட்டிய மெல்லிய தசை விரிப்பு ஒன்று அதைச் செய்கிறது. மனித உடலில் அந்த விரிப்பு பெரும்பாலும் மறைந்துவிட்டது. கழுத்தில் மட்டும் ஒரு பெரிய துண்டு எஞ்சியிருக்கிறது. பெயர் பிளாட்டிஸ்மா, கழுத்துப் படலத்தசை எனலாம். மேல்மார்பிலிருந்து கிளம்பி, காறை எலும்பைத் தாண்டி, தாடை விளிம்புவரை ஏறும் இந்தத் தசை அத்தனை மெலிது. உடற்கூறு வகுப்பில் கவனம் தப்பினால் மாணவரின் கத்தி தோலோடு அதையும் உரித்தெடுத்துவிடும்.

கண்ணாடி முன் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு, வாயின் இரு ஓரங்களையும் பலமாகக் கீழே இழுங்கள். கழுத்தில் நரம்புபோலப் புடைத்து நிற்பதுதான் இந்தத் தசை. இடமும் வலமுமாக இரண்டு விரிப்புகள் மோவாய்க்குக் கீழே சந்திக்கின்றன. வயதாக ஆக அவற்றின் உள் ஓரங்கள் விலகி, திறந்த சட்டையின் இரண்டு ஓரங்களைப்போலத் தொங்குகின்றன. மாட்டுக்குத் தொங்குவதை அலைதாடி என்போம். நமக்கும் ஒரு சிறு அலைதாடி உருவாகிறது.

தசை விலகினால் அதன் பின்னிருக்கும் கொழுப்பு முன்னே பிதுங்கும். உமிழ்நீர்ச் சுரப்பிகள் தாடைக்குக் கீழே சரியும். தாடை எலும்பே வயதோடு கரைந்து சிறுக்கிறது. கம்பு சுருங்கினால் கூடாரத் துணி தளராதா? இந்தக் கூடாரத்தின் உள் முனையில் நிற்பது நாவடி எலும்பு. வேறெந்த எலும்பையும் தொடாமல் தசைகளிலேயே தொங்கும் விந்தை எலும்பு அது. பிறவியிலேயே அது தாழ்ந்திருப்பவருக்கு, ஒல்லியாக இருந்தாலும் மோவாயும் கழுத்தும் தெளிவாகப் பிரிந்து தெரியாது.

ஆக, தொங்கும் கழுத்து ஒரு மாடி வீடு. எந்தத் தளம் சரிந்தது என்று கண்டுபிடிப்பதில்தான் அறுவை மருத்துவரின் திறமை தொடங்குகிறது. தோலைக் கிள்ளிப் பார்ப்பார். தசையை இறுக்கச் சொல்லிக் கொழுப்பு எந்தப் பக்கம் என்று தடவுவார். தைராய்டு வீக்கமோ நெறிக்கட்டியோ தொய்வு வேடத்தில் ஒளிந்திருக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும். வெட்டும் கோடுகளை நோயாளி உட்கார்ந்திருக்கும்போதே வரைந்துகொள்வார். படுத்துவிட்டால் புவியீர்ப்பு திசை மாறி, தொய்வே காணாமல் போய்விடுமே!

கொழுப்பு மட்டுமே சிக்கல், தோலின் ரப்பர் இன்னும் உயிரோடு இருக்கிறது என்றால், சில மில்லிமீட்டர் துளைகள் வழியாக மெல்லிய குழாய் விட்டு உறிஞ்சினால் போதும். மிச்சத் தோல் தானே சுருங்கிக்கொள்ளும். பேராசைப்பட்டு நடுவில் அதிகம் உறிஞ்சினால் நடுக்கழுத்து பள்ளமாகி, இரு ஓரமும் படமெடுத்த நல்லபாம்புபோல நிற்கும். மருத்துவ நூல்கள் அதை நாகப்படக் கோளாறு என்றே அழைக்கின்றன.

விலகியது தசை என்றால், மோவாயின் அடியில் சில சென்டிமீட்டர் கீறி, இரண்டு ஓரங்களையும் நடுவில் சேர்த்து, கோணியின் வாயைத் தைப்பதுபோல மேலிருந்து கீழாகத் தைப்பார்கள். அமெரிக்க மருத்துவர் ஜோயல் ஃபெல்ட்மன் 1990இல் இந்தத் தையலை விரிவாக எழுதினார்.

தோலும் மிஞ்சிவிட்டது என்றால் முழுக் கழுத்துத் தூக்கல். காதைச் சுற்றி, பின்தலை முடிக்குள் மறையும்படி கீறுவார்கள். பழைய காலத்தில் தோலை மட்டும் இழுத்துத் தைத்தார்கள். சில ஆண்டுகளில் அது மீண்டும் தொய்ந்தது, தழும்பும் அகன்றது. சுவீடனின் டோர்ட் ஸ்கூக் 1974இலும், பிரான்சின் மிட்ஸ், பெய்ரோனி இருவரும் 1976இலும் அடியில் இருக்கும் தசைப் படலத்தின் பக்கம் கண்களைத் திருப்பினார்கள். பாரத்தைப் படலம் தாங்கட்டும். தோல் அதன்மேல் இழுவையின்றிப் படியட்டும் என்பதே புது வழி.

காதைச் சுற்றிய நீண்ட அறுவை வேண்டாம் என்னும் முதியவருக்கு, கழுத்தின் நடுவிலேயே உபரித் தோலை வெட்டி எடுப்பதுண்டு. நேர்க்கோட்டுத் தழும்பு ஆறும்போது வில்லின் நாண்போலச் சுருங்கும். அதைத் தடுக்க ஒரு வடிவியல் மந்திரம்! கோட்டின் இரு முனைகளிலும் 60 பாகைச் சாய்வில் கீறி, கிடைக்கும் இரண்டு முக்கோணங்களையும் இடம் மாற்றித் தைத்தால், கணக்குப்படி கோடு 75 சதவீதம் நீளும். தீப்புண் ஆறி மோவாய் மார்போடு ஒட்டிப்போனவர்களின் தலையை நிமிர்த்தவும் இதே முக்கோணங்கள் உதவுகின்றன. தோல் மிஞ்சியவருக்கும் போதாதவருக்கும் உதவுவது ஒரே கணக்கு.

இது உயிர்காக்கும் அறுவை இல்லை. ஆகவே ஆபத்தைத் தெரிந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும். தோலுக்கடியில் இரத்தம் தேங்கலாம். தாடை விளிம்பில் ஓடும் முகநரம்பின் மெல்லிய கிளை காயப்பட்டால் புன்னகை கோணும். காதுமடல் மரத்துப்போகலாம். புகைப்பவருக்கு இரத்தக் குழாய்கள் சுருங்கி, தூக்கிய தோலே கருகக்கூடும். பிளாஸ்டிக் அறுவையில் முறையாகப் பயின்றவரிடம் மட்டுமே போக வேண்டும். அவரும் கடிகாரத்தைப் பின்னால் திருப்பி வைப்பாரே தவிர, நிறுத்த மாட்டார்.

திறமையான மருத்துவர் ஒன்றை மறப்பதே இல்லை. வெட்டும் முன், எவ்வளவு எடுக்கலாம் என்பதோடு எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்பதையும் அளப்பார். குனியவும் நிமிரவும் திரும்பவும் தேவையான உபரி அங்கேயே இருந்தாக வேண்டும். துறைமுகத்து முதியவர் அண்ணாந்து மேகம் பார்ப்பதும், சிதம்பரத்து மேடையில் ஒரு கழுத்து இடமும் வலமும் நழுவுவதும் அந்த உபரியால்தான்.