முன்கட்டண மீட்டரும் பழைய நிலுவையும்

மின்கட்டணத்தைக் கடன் என்று நாம் பொதுவாகக் கருதுவதில்லை. ஆயினும் கணக்கியல் நோக்கில் அது கடனே. பல மாநிலங்களில் ஒரு மாதம், தமிழ்நாட்டில் இரண்டு மாதம், மின்சாரத்தை முதலில் பயன்படுத்திவிட்டுப் பின்னர் பணம் செலுத்துகிறோம். இடைப்பட்ட காலத்தில் மின்பகிர்மான நிறுவனம் நமக்குக் கடன் கொடுத்தவராகிறது. இணைப்புப் பெறும்போது நாம் கட்டிய காப்பு வைப்புத்தொகை அக்கடனுக்கு ஈடு. கெடு தவறினால் விதிக்கப்படும் தாமதக் கட்டணம் அதன் வட்டி. முன்கட்டண மீட்டர் வரும்போது இந்தக் கடன் வசதி முடிவுக்கு வருகிறது. மளிகைக் கடைக்காரர் பற்றுவரவு நோட்டை மூடிவைத்துவிட்டு, இனி ரொக்கத்துக்கே சரக்கு என்று சொல்வதைப் போன்றது இது. அந்த நோட்டில் ஏற்கெனவே எழுதியிருந்த பாக்கி என்னவாகும் என்பதுதான் பல குடும்பங்களைத் தடுமாறச் செய்கிறது.

மின்பகிர்மானத் துறையைச் சீரமைக்கும் மத்திய அரசின் திட்டம் 2021ஆம் ஆண்டு ஒப்புதல் பெற்றது. 3,03,758 கோடி ரூபாய் மதிப்பிலான அத்திட்டத்தில், நாடு முழுவதும் 25 கோடி ஸ்மார்ட் முன்கட்டண மீட்டர்கள் பொருத்துவது இலக்காக வைக்கப்பட்டது. வசூலாகாத கட்டணமும் வழியில் ஏற்படும் இழப்பும் பகிர்மான நிறுவனங்களைப் பெருங்கடனில் ஆழ்த்தியிருப்பதே இதற்குக் காரணம். பீகார் இதில் முந்திக்கொண்ட மாநிலம். எல்லா இடங்களிலும் வரவேற்பு ஒன்றுபோல் இருக்கவில்லை. 2020 ஆகஸ்டில் ஜன்மாஷ்டமி நாளன்று உத்தரப் பிரதேசத்தில் ஸ்மார்ட் மீட்டர் பொருத்தியிருந்த ஏராளமான வீடுகள், நிலுவை ஏதுமில்லாத வீடுகள் உட்பட, ஒரே சமயத்தில் இருளில் மூழ்கின. 2024 மே மாதத்தில் குஜராத்தின் வடோதராவில் நுகர்வோர் தெருவில் இறங்கிப் போராடினர். உங்கள் வீட்டுக்கு வரப்போவது முன்கட்டண முறையா, ஸ்மார்ட் மீட்டருடன் கூடிய பழைய பின்கட்டண முறையா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பணியின் பொருட்டுப் பிற மாநிலங்களில் குடியேறியுள்ள நம் வாடிக்கையாளர்களுக்கு முன்கட்டண முறை ஏற்கெனவே அறிமுகமாகியிருக்கலாம்.

ஐந்நூறு ரூபாய் எத்தனை நாள் வரும்?

ரீசார்ஜ் செய்த தொகை முழுவதும் மின்சாரமாக மாறும் என்று எண்ணுவது இயல்பு. நடைமுறை அவ்வாறு இல்லை. பயன்படுத்திய யூனிட்டுக்கான கட்டணம், மாத நிலைக்கட்டணத்தின் ஒருநாள் பங்கு, மின்வரி, பழைய நிலுவைக்கான தவணை ஆகிய அனைத்தும் இருப்பிலிருந்து கழிகின்றன.

ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மாதம் 150 யூனிட். யூனிட்டுக்குச் சராசரியாக 6 ரூபாய். ஆக 900 ரூபாய். நிலைக்கட்டணம் 120, வரி 60. மொத்தம் 1,080, நாளொன்றுக்கு 36 ரூபாய். இக்குடும்பத்துக்குப் பழைய நிலுவை 7,200 ரூபாய் இருந்து, அது 24 மாதத் தவணையாகப் பிரிக்கப்பட்டிருந்தால், நாளொன்றுக்கு மேலும் 10 ரூபாய் கழியும். 500 ரூபாய் ரீசார்ஜ் பதினான்கு நாள் வரும் என்று குடும்பத்தலைவி கணக்கிட்டிருப்பார்; பதினோராவது நாளிலேயே தீர்ந்துவிடும். கோடையில் பயன்பாடு 250 யூனிட்டாக உயர்ந்தால் அதே 500 ரூபாய் ஒரு வாரத்தைத் தாண்டுவதே கடினம். அடுக்குக் கட்டண முறை உள்ள இடங்களில் நிலைமை இன்னும் கடுமையாகும். மீட்டர் வேகமாக ஓடுகிறது என்ற புகார்களில் ஒரு பகுதி இந்தக் கழிவுகள் தெளிவாகச் சொல்லப்படாததால் எழுபவை என்பது என் கருத்து.

வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரு மாதம் ஊருக்குச் சென்றாலும் மேற்சொன்ன குடும்பத்தின் இருப்பிலிருந்து நிலைக்கட்டணமும் தவணையுமாக 420 ரூபாய் கழிந்திருக்கும். திரும்பி வந்து 200 ரூபாய் போட்டும் விளக்கு எரியவில்லையெனில், இருப்பு பூச்சியத்துக்குக் கீழே இறங்கியிருப்பதே காரணமாக இருக்கக்கூடும்.

ஆதலால் மீட்டர் மாற்ற வரும் நாளில், அல்லது அதற்கு முன்பே, மின் அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுப் பெற வேண்டிய விவரங்கள் சில உண்டு: பழைய மீட்டரின் இறுதி அளவு, அந்நாளில் இருந்த நிலுவையும் அதன் மாதவாரிக் கணக்கும், தவணைகளின் எண்ணிக்கை, தவணைக் காலத்திலும் தாமதக் கட்டணம் தொடருமா என்பது. காப்பு வைப்புத்தொகையை மறந்துவிட வேண்டாம். முன்கட்டண மீட்டர் வழியாக மின்சாரம் பெற முன்வருபவரிடம் காப்புத்தொகை கோரக்கூடாது என்பது 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின் 47ஆம் பிரிவு. ஏற்கெனவே கட்டியிருப்பின் அதை நிலுவையில் ஈடுசெய்யும்படியோ இருப்பில் வரவு வைக்கும்படியோ விண்ணப்பிக்கலாம். சில மாநிலங்களில் முன்கட்டண நுகர்வோருக்கு 2 அல்லது 3 விழுக்காடு தள்ளுபடியும் உண்டு.

துண்டிப்பு என்று பெயர் பெறாத துண்டிப்பு

பின்கட்டண முறையில் நிலுவைதாரருக்குச் சட்டம் ஒரு பாதுகாப்பு அளித்திருந்தது. மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவின்படி, இணைப்பைத் துண்டிக்கும் முன் முழுமையாகப் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து எழுத்துமூலம் அறிவிப்புத் தர வேண்டும். கோரப்படும் தொகை தவறு என்று நுகர்வோர் கருதினால், அத்தொகையையோ, முந்தைய ஆறு மாதச் சராசரியின் அடிப்படையிலான தொகையையோ, இரண்டில் எது குறைவோ அதை, ஆட்சேபத்துடன் செலுத்தலாம். தகராறு தீரும்வரை இணைப்பைத் துண்டிக்க இயலாது.

முன்கட்டண மீட்டரில் நிலைமை வேறு. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் விதிகள், இருப்புத் தீர்ந்ததும் மின்சாரம் தானாக நிற்பதை அனுமதிக்கின்றன. அதனைத் துண்டிப்பாகக் கருதக்கூடாது என்றும், ரீசார்ஜ் செய்தவுடன் மின்சாரம் திரும்ப வேண்டும் என்றும் கூறுகின்றன. அதாவது பதினைந்து நாள் அறிவிப்பு என்னும் குடை இங்கு விரிவதில்லை. இருப்புக் குறைவு பற்றிக் கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியே அதன் இடத்தில் நிற்கிறது.

முன்கட்டண முறை பழகிப்போன பிரிட்டனில், ரீசார்ஜ் செய்யப் பணமின்றி வீடு இருளடைவதை நுகர்வோர் தாமே துண்டித்துக்கொள்வதாகக் குறிப்பிடுவார்கள். அதில் உள்ள கசப்பைக் கவனியுங்கள்: எந்த அலுவலரும் வரவில்லை, எந்த ஆணையும் இல்லை, ஆனால் மின்சாரம் இல்லை. அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம், நிலுவை வைத்திருந்த வீடுகளில் வலிந்து முன்கட்டண மீட்டர் பொருத்துவதை 2023 பிப்ரவரியில் நிறுத்திவைக்கச் செய்தது.

எனவே அந்தக் குறுஞ்செய்தி யாருக்குச் செல்கிறது என்பது அற்பமான விஷயமன்று. இணைப்பு தந்தையின் பெயரில்; பதிவான கைப்பேசி எண் வெளியூரில் பணிபுரியும் மகனுடையது; அவர் கூட்டத்தில் இருக்கிறார்; வீட்டில் இருப்பதோ எழுபது கடந்த தாய். வாடகை வீடுகளில் செய்தி வீட்டு உரிமையாளருக்குப் போகும். வீட்டில் வசிப்பவரின் எண்ணைப் பதிவு செய்யுங்கள். ஆக்சிஜன் கருவியோ, குளிர்பெட்டியில் வைத்த இன்சுலினோ நம்பியிருப்பவர் வீட்டில் உண்டெனில், அதனை மின் அலுவலகத்துக்கு முன்னதாகவே கடிதம் மூலம் தெரிவித்து ஒப்புகை பெற்றுக்கொள்வது நல்லது.

பழைய நிலுவையிலும் எல்லாத் தொகையும் கேள்விக்கு அப்பாற்பட்டதன்று. முதன்முதலில் செலுத்த வேண்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் கடந்த தொகையை, அது தொடர்ந்து நிலுவையாகப் பட்டியலில் காட்டப்பட்டு வந்தாலன்றி, வசூலிக்க இயலாது என்கிறது 56ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. மீட்டர் மாறும் வேளையில், இதுவரை எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத பழைய தொகை திடீரெனத் தலைகாட்டினால், மாதவாரிக் கணக்கைக் கேளுங்கள். புதிய மீட்டரின் அளவில் ஐயம் இருப்பின், 2024ஆம் ஆண்டின் திருத்த விதிகள் துணைநிற்கும்: புகார் பெற்ற ஐந்து நாள்களுக்குள் கூடுதல் மீட்டர் ஒன்று பொருத்தி, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஸ்மார்ட் மீட்டர் பொருத்துவதற்கு முந்தைய காலத்துக்கு, அந்த மீட்டர் காட்டும் உச்சத் தேவையை வைத்து அபராதம் விதிக்கக்கூடாது என்பது 2023ஆம் ஆண்டுத் திருத்தம். தீர்வு கிடைக்காவிடில் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதன்பின் மின் குறைதீர்ப்பாளர்.

நிலுவையை எதைக் கொண்டு அடைப்பது?

இங்கு வங்கியாளனாகச் சிலவற்றைச் சொல்லலாம். பல மாநிலங்களில் தாமதக் கட்டணம் மாதத்துக்கு 1.5 விழுக்காடு அளவில் உள்ளது. ஆண்டுக்கு 18 விழுக்காடு. 7,200 ரூபாய் நிலுவைக்கு மாதம் 108 ரூபாய். வங்கியின் நகைக்கடன் வட்டி பெரும்பாலும் இதைவிடக் குறைவு. நிலை வைப்பு இருப்பின் அதன்மீது மிகைப்பற்றுப் பெறலாம். வைப்பு வட்டியைவிட ஓரிரு விழுக்காடே கூடுதலாக இருக்கும், வைப்பையும் முறிக்க வேண்டியதில்லை. ஜன் தன் கணக்கை முறையாக நடத்திவருபவர் தகுதிக்கு உட்பட்டு 10,000 ரூபாய் வரை மிகைப்பற்றுக்கு விண்ணப்பிக்கலாம். 2,000 ரூபாய் வரை நிபந்தனைகள் இல்லை. மாறாக, கடன் அட்டையில் நிலுவையை அடைத்துவிட்டு அட்டைத் தொகையைத் தள்ளிப்போடுவது, பெரும்பாலான அட்டைகளில் ஆண்டுக்கு 36 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வட்டியில் முடியும். தெருமுனைக் கந்துவட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

ஆனால் தவணைக் காலத்தில் தாமதக் கட்டணம் நிறுத்தப்படுமானால், கடன் வாங்கி அடைக்கவே வேண்டாம். தவணையிலேயே விட்டுவிடுவது சிக்கனம். அதனால்தான் அந்த ஒரு விவரத்தை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும் என்றேன். தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் ஒருமுறைத் தீர்வுத் திட்டங்களையும் சில மாநிலங்கள் அவ்வப்போது அறிவிக்கின்றன. உத்தரப் பிரதேசம் பலமுறை அறிவித்துள்ளது. அத்தகைய அறிவிப்பு வந்தால் கெடு முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

மாதச் சம்பளக்காரர் சம்பளம் வந்த மறுநாள் முழு மாதத்துக்கும் போட்டுவிடலாம். நாட்கூலி பெறுபவருக்கு வாரந்தோறும் கூலி நாளில் சிறு தொகையாகப் போடுவதே பொருந்தும். ஒரு வாரச் செலவுக்கான தொகையை மட்டும் சேமிப்புக் கணக்கில் தொடாமல் வைத்திருந்தால் போதும். பெரிய தொகையை மீட்டரிலேயே முடக்கிவைப்பதில் பயனில்லை. அவசர மருத்துவச் செலவுக்கு அதை எடுக்க முடியாது. கோடைக்கென்று ஆறு மாதத் தொடர் வைப்பு ஒன்றைச் செப்டம்பரிலேயே தொடங்கினால் மார்ச் மாதத்தில் கைக்கு வரும். 1.5 டன் குளிர்சாதனம் மணிக்கு ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை யூனிட் கொள்ளும். 2,000 வாட் வெந்நீர்க் கொதிகலன் அரை மணியில் ஒரு யூனிட். செயலியில் நாள்வாரிப் பயன்பாட்டைப் பார்க்க முடிவது இந்த மீட்டரின் உண்மையான நன்மை. அதைப் பயன்படுத்திக்கொள்ளாதவர்களே அதிகம்.

வீடு வாங்குவோருக்கு ஒரு குறிப்பு. முந்தைய உரிமையாளரின் மின்நிலுவையை, மின்வழங்கல் நிபந்தனைகள் இடமளிக்கும் பட்சத்தில், புதிய உரிமையாளரிடம் கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் கேரள மாநில மின்வாரியம் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது. ஏலத்தில் வாங்கும் சொத்துக்கும் இது பொருந்தும். வில்லங்கச் சான்றில் மின்நிலுவை தென்படாது. கிரயத்துக்கு முன் நிலுவையின்மைச் சான்று கேளுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கமே முன்கட்டண மீட்டர் நடத்தினால், பகிர்மான நிறுவனத்தின் மின்சாரம், ஜெனரேட்டர் மின்சாரம், பொதுப் பகுதி மின்சாரம் ஆகியவற்றைத் தனித்தனியே கணக்கிட வேண்டும் என்பதும் 2024ஆம் ஆண்டு விதியே.

கடைசியாக, எங்கள் கிளைகளுக்கு அடிக்கடி வரும் ஒரு துயரம். "இன்றிரவு 9.30க்கு உங்கள் மின்இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழையுங்கள்" என்ற குறுஞ்செய்தி மோசடிக்காரர்களின் பழைய உத்தி. முன்கட்டண மீட்டர் உள்ள வீட்டில் அது மேலும் நம்பும்படி ஒலிக்கிறது. மின்சாரம் உண்மையிலேயே ஒரு நொடியில் நிற்கக்கூடும் என்று அறிந்த மனம் பதறுகிறது. பத்து இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து வரும் அத்தகைய செய்திக்கு மறுமொழி தர வேண்டாம். அவர்கள் சொல்லும் செயலியை நிறுவ வேண்டாம். இருப்பை மீட்டரிலோ நிறுவனத்தின் செயலியிலோ நீங்களே பாருங்கள். வங்கிச் செயலியில் உள்ள பாரத் கனெக்ட் வழியாகப் பணம் செலுத்தினால் பரிவர்த்தனை எண் கிடைக்கும். பணம் கழிந்து ரீசார்ஜ் ஆகாதபோது அந்த எண்ணைக் கொண்டே புகார் பதிய இயலும். ஏமாந்துவிட்டதாக உணர்ந்தால், உடனே 1930 என்ற எண்ணை அழைத்துவிட்டு உங்கள் கிளைக்கும் தெரிவியுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் வரும் அழைப்புகளில்தான் பணத்தை இடையில் நிறுத்திவைக்கும் வாய்ப்பு அதிகம்.