படத்தில் மஞ்சள், வயலில் பச்சை: கைபேசிப் படங்களில் பயிரின் நிறம் மாறுவது ஏன்?

உளுந்து மஞ்சளித்தாலும், பருத்தி இலை சிவந்தாலும், மக்காச்சோளக் குருத்து வெளுத்தாலும், ஒரு காலத்தில் செடியை வேரோடு பிடுங்கி ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டு வேளாண்மை அலுவலகத்துக்கோ ஆராய்ச்சி நிலையத்துக்கோ பேருந்து ஏற வேண்டியிருந்தது. இன்று வரப்பில் நின்றபடியே கைபேசியில் படம் எடுத்து அனுப்பிவிடுகிறோம். பார்ப்பவரும் உடனே பதில் சொல்லிவிடுகிறார். இது நல்ல வசதி. ஆனால் பயிரின் நோயையும் சத்துக் குறைவையும் நாம் முதலில் அறிவது நிறத்தைக் கொண்டுதான். அந்த நிறத்தையே படம் மாற்றிக் காட்டினால், தேவையில்லாத யூரியாவும் தேவையில்லாத மருந்தும் வயலுக்குப் போய்ச் சேரும். மானாவாரிக் கரிசலில் ஒரு தெளிப்புக்கு ஆகும் மருந்தும் ஆள் கூலியும் எவ்வளவு என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நிறம் ஏன் மாறுகிறது?

நாம் காணும் எல்லா ஒளியும் ஒரே நிறம் உடையதல்ல. குண்டு பல்பின் ஒளி மஞ்சள் கலந்தது. நண்பகல் வெயில் ஏறக்குறைய வெண்மையானது. நிழலில் வெயில் நேரடியாக விழாமல் நீல வானத்தின் ஒளியே விழுவதால், நிழலின் ஒளி நீலம் கலந்தது. ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவால் குறிப்பர். குண்டு பல்பு சுமார் 2,800, நண்பகல் வெயில் சுமார் 5,500, நிழல் 7,000-க்கும் மேல். எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம் என்று நினைவில் கொண்டால் போதும்.

நம் கண்ணும் மூளையும் இந்த வேறுபாட்டைத் தாமாகவே சரிசெய்து கொள்கின்றன. அதனால் வெயிலில் வெள்ளையாகத் தெரியும் வேட்டி, குண்டு பல்பின் கீழும் நமக்கு வெள்ளையாகவே தெரிகிறது. கேமராவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. எது வெள்ளை என்று அது ஊகித்து, அந்த ஊகத்தின்படி எல்லா நிறங்களையும் நகர்த்துகிறது. இதற்கு ‘ஒயிட் பேலன்ஸ்’ என்று பெயர். படத்தில் பல நிறங்கள் கலந்திருந்தால் இந்த ஊகம் பெரும்பாலும் சரியாக இருக்கும். படம் முழுவதையும் ஒரே பச்சை இலை அடைத்துக்கொண்டால் கேமரா தடுமாறும். ‘இத்தனை பச்சை இருக்க முடியாது, ஒளிதான் பச்சையாக இருக்கிறது’ என்று கருதிப் பச்சையைக் குறைத்துவிடும். நல்ல பச்சையான இலைகூட வெளிறிப்போய், சற்றுக் கருஞ்சிவப்பு ஏறியது போல் தெரியும். நோயை நன்றாகக் காட்ட வேண்டும் என்று இலையை மிக அருகில் வைத்து எடுப்பவர்களுக்கே இது அதிகம் நேரிடுகிறது.

நம் மாவட்டத்தில் நேரிடும் நிலைகள்

இராசபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்புப் பகுதிகளில் மேற்கே மலை இருப்பதால், பொழுது சாயும் முன்பே கதிரவன் மலைக்குப் பின்னால் மறைந்துவிடும். வெளிச்சம் இருக்கும், வெயில் இருக்காது. அப்போது எடுக்கும் நெற்பயிர்ப் படத்தில் நீலம் கலந்து, தழைச்சத்து மிகுந்த கரும்பச்சைப் பயிர் போலத் தோன்றும். அதே நேரத்தில் சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துத் திறந்த கரிசல் காட்டில் சாய்வெயில் இலைமேல் நேராக விழும். அங்கே எடுத்த படத்தில் நல்ல உளுந்தும் மஞ்சளித்துத் தெரியும்.

பச்சை நிழல்வலைக்கு அடியில் வளரும் மிளகாய், தக்காளி நாற்றுகளை அங்கேயே வைத்துப் படம் எடுக்கக் கூடாது. வலை வழியாக வரும் ஒளியே பச்சையாக இருப்பதால், வெளுத்த நாற்றும் பச்சையாகத் தோன்றும். குழித்தட்டை வெளியே எடுத்து வந்து படம் எடுங்கள்.

இரவில் மோட்டார் கொட்டகை வெளிச்சத்தில் எடுக்கும் படங்களால் பயன் குறைவு. சில தெருக்களில் இன்னும் மிஞ்சியிருக்கும் சோடியம் விளக்கின் கீழ் எடுத்த படத்தை யாராலும் திருத்த முடியாது. பட்டாசில் மஞ்சள் நிறம் தருவது சோடியம் உப்பு, சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம் உப்பு என்பதைச் சிவகாசி வட்டாரத்தில் தெரியாதவர் குறைவு. 2018-இல் உச்ச நீதிமன்றம் தடை விதிக்கும் வரை பச்சைக்குப் பேரியம் உப்பு சேர்த்தார்கள். சோடியம் விளக்கும் பெரும்பாலும் அந்த மஞ்சளை மட்டுமே உமிழ்கிறது. ஒளியில் இல்லாத பச்சையை இலை திருப்பித் தர முடியாது; கேமரா எதைப் பதிவு செய்யும்?

மிளகாய் வத்தல் விற்பவர்களுக்கும் ஒரு குறிப்பு. வத்தலை நீலத் தார்ப்பாயில் பரப்பிப் படம் எடுத்து வியாபாரிக்கு அனுப்பினால், படத்தில் நீலம் மிகுதி என்று கருதிக் கேமரா மஞ்சளைக் கூட்டிவிடும். வத்தலின் நிறம் ஒன்றாகவும் படத்தின் நிறம் வேறாகவும் இருக்கும். மூட்டை கடைக்குப் போனபின் விலையைக் குறைத்துப் பேச அதுவே காரணமாகிவிடும். பழைய சாக்கின்மேலோ காகிதத்தின்மேலோ ஒரு கைப்பிடி வத்தலை வைத்து எடுப்பது மேல்.

ஒரு வெள்ளைத் தாள் போதும்

சிவகாசி அச்சகங்களில் நாட்காட்டி ஓடும்போது தாளின் ஓரத்தில் சிறுசிறு வண்ணக் கட்டங்கள் அச்சாவதைப் பார்த்திருப்பீர்கள். வெட்டும்போது அந்த ஓரம் போய்விடும். அவற்றில் சாம்பல் நிறக் கட்டம் ஒன்று உண்டு. மை ஏதாவது ஒன்று சற்றுக் கூடினாலும் அந்தச் சாம்பல் சிவந்தோ பச்சை படர்ந்தோ உடனே காட்டிக் கொடுத்துவிடும். சாமி படத்தின் பட்டுச்சேலையில் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. நிறமற்ற இடத்தில்தான் நிறக்கோளாறு முதலில் தெரியும்.

பயிர்ப் படத்துக்கும் இதே முறைதான். இலைக்குப் பக்கத்தில், இலைமேல் விழும் அதே ஒளி படும்படி, எழுதாத வெள்ளைத் தாள் ஒன்றை வைத்துப் படம் எடுங்கள். படத்தில் தாள் வெள்ளையாக இருந்தால் இலையின் நிறத்தை நம்பலாம். தாள் மஞ்சளாக இருந்தால் இலையின் மஞ்சளிலும் ஒரு பங்கு ஒளியினுடையது. பார்ப்பவர் தாள் வெண்மையாகும் வரை படத்தைத் திருத்தினால் இலையின் உண்மை நிறம் வந்துவிடும். தாளுக்குப் பதிலாகத் தோளில் கிடக்கும் துண்டை விரிக்க வேண்டாம். நீலம் போட்டு வெளுத்த துணி வெள்ளை போலத் தோன்றினாலும் அதில் நீலம் இருக்கிறது.

படம் எடுக்க ஏற்ற நேரம் காலை எட்டு முதல் பத்து மணி வரை. மெல்லிய மேகம் மூடிய பகலும் நல்லது. வெயில் கடுமையாக இருந்தால் உங்கள் உடலின் நிழல் இலை, தாள் இரண்டின் மேலும் விழும்படி நின்று எடுக்கலாம். பாதி வெயில், பாதி நிழல் மட்டும் கூடாது. இரண்டு வகை ஒளி கலந்த படத்தில் ஒரு பக்கத்தைத் திருத்தினால் மறுபக்கம் கெடும். சிவப்புச் சட்டை அணிந்து இலைமேல் குனிந்து எடுத்தாலும் அந்தச் சிவப்பில் கொஞ்சம் இலைக்குப் போகும்.

கைபேசியின் சொந்த வேலைகள்

இப்போதைய கைபேசிகள் பல, இலையைக் கண்டதும் அது இலை என்று அறிந்து பச்சையைத் தாமாகவே கூட்டிவிடுகின்றன. கல்யாணப் படத்துக்கு அழகு. பயிர்ப் படத்துக்குக் கேடு. சத்துக் குறைந்த பயிரும் செழிப்பாகத் தெரியும். கேமரா அமைப்பில் இந்த மேம்பாட்டையும், ‘பில்டர்’ எதுவும் இருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள். ‘புரோ’ முறை உள்ள கைபேசியில் ‘டபிள்யூ.பி.’ என்ற இடத்தைத் தொட்டால் பெரும்பாலும் சூரியன், மேகம், பல்பு படங்கள் வரும். வெயிலுக்குச் சூரியனையும் நிழலுக்கு மேகத்தையும் தேர்ந்தெடுத்தால் கேமரா ஊகிக்காது. நீங்களே படத்தைத் திருத்தினால் திருத்தாத படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

சில வேளைகளில் படத்தில் குறையே இராது. பார்ப்பவரின் கைபேசியில் கண்ணுக்கு இதமான இரவுத்திரை இயங்கிக் கொண்டிருந்தால் எல்லாமே மஞ்சளாகத் தெரியும். வேறொரு கைபேசியில் திறந்து பார்த்தால் விளங்கிவிடும்.

நிறத்தைவிட வேறுபாட்டைப் பாருங்கள்

ஒளியால் வந்த மஞ்சள், இலை, மண், விரல், தாள் என்று எல்லாவற்றின் மேலும் படரும். பயிரின் குறைபாடு அப்படிப் படராது. அது இடம் பார்த்து வரும். தழைச்சத்துக் குறைந்தால் அடி இலைகள் முதலில் வெளுக்கும், குருத்து பச்சையாக இருக்கும். சுண்ணாம்பு மிகுந்த நிலத்து நிலக்கடலையில் இரும்புச்சத்துக் குறைந்தால் இளம் இலைகள் வெளுத்து, நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கும். உளுந்தில் மஞ்சள் தேமல் நோய் என்றால் பச்சையும் பளிச்சென்ற மஞ்சளும் திட்டுத் திட்டாக, ஒழுங்கில்லாமல் இருக்கும். முதல் இரண்டுக்கும் உரமும் தெளிப்பும் உதவும். தேமலுக்கு எந்த உரமும் உதவாது. அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய். தாக்கிய செடியைத் தொடக்கத்திலேயே பிடுங்கி, வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்த வேண்டும். அடுத்த பருவத்துக்கு வம்பன் 8 போன்ற எதிர்ப்புத் திறன் உள்ள இரகத்தை விதைக்கலாம்.

ஆகவே ஒரு படம் அனுப்புவதைவிட மூன்று அனுப்புங்கள்: வயலின் தோற்றம், அடி இலை முதல் குருத்து வரை முழுச்செடி, தாளோடு சேர்ந்த ஓர் இலை. இலையின் அடிப்பக்கத்தையும் காட்டினால் இன்னும் நல்லது. விதைத்து எத்தனை நாள், கடைசியாக என்ன தெளித்தீர்கள் என்ற இரண்டு செய்திகளும் வேண்டும்.

நெல்லுக்கு இலை வண்ண அட்டை பயன்படுத்துவோர் அதைப் படம் எடுத்து ஒப்பிட வேண்டாம். அட்டையின் பச்சைப் பட்டைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு சிறிது. கேமரா அதை எளிதில் விழுங்கிவிடும். முழுதாக விரிந்த இளம் இலையை, உங்கள் உடல் நிழலில், அட்டைமேல் வைத்து வயலிலேயே பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒருவரே, அதே நேரத்தில் பார்க்க வேண்டும். பத்து இலைகளில் ஆறு அல்லது அதற்கு மேல் குறித்த எண்ணுக்குக் கீழே இருந்தால் தழைச்சத்து இடவேண்டும். நடவு நெல்லுக்குப் பொதுவாக அந்த எண் 4. வெள்ளைப் பொன்னிக்கு 3.