இருபதும் இருபதும் நாற்பது ஆகுமா?

ஆன்லைன் விளையாட்டுகளில் ஒரு வகை உண்டு. ஆடுபவர் ஒரு வீரனின் வேடம் ஏற்று, அவனுக்குக் காலணி, மேலங்கி, மோதிரம் எனப் பல பொருள்களைத் தேடிச் சேர்ப்பார். காலணியை அணிந்தால் எதிரியின் அடியிலிருந்து தப்பும் வாய்ப்பு 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மேலங்கிக்கும் அதே 20 சதவீதம். இரண்டையும் அணிந்தவன் தப்பும் வாய்ப்பு எவ்வளவு?

நாற்பது என்று சொல்லத் தோன்றுகிறதல்லவா? அப்படியானால் ஐந்து பொருள்களை அணிந்தவன்மீது ஓர் அடிகூட விழாது. ஆறு அணிந்தால் 120 சதவீதம்! நூறு அடிகள் வரும்போது நூற்றிருபதிலிருந்து தப்புவது எப்படி? இதனால் சில விளையாட்டுகளில், கூட்டிய பின் ஓர் உச்சவரம்பு வைத்துவிடுகிறார்கள். 2013-இல் வெளிவந்த டோட்டா 2 போன்றவற்றில் பெருக்கல் முறை கையாளப்பட்டது. அது எப்படி என்று காண்போம்.

எதிரி 100 முறை தாக்குகிறான். காலணி 20 அடிகளைத் தவிர்க்கிறது, எஞ்சியவை 80. மேலங்கிக்கு வேலை இந்த எண்பதில்தான். எண்பதில் 20 சதவீதம் 16. ஆக, தப்பியவை 36, விழுந்தவை 64. தப்பும் வாய்ப்புகளைக் கூட்டக் கூடாது. அடி விழும் வாய்ப்புகளைப் பெருக்க வேண்டும்: 0.8 × 0.8 = 0.64. மூன்றாவது பொருளும் சேர்ந்தால் 0.512.

முதற்பொருள் 20 அடிகளைத் தவிர்த்தது, இரண்டாவது 16, மூன்றாவது சுமார் 13. அப்படியென்றால் மூன்றாவது பொருள் வீணா? இல்லை. 64 அடிகள் விழுந்தால் வீரன் சாய்வான் எனக் கொள்வோம். ஒன்றும் அணியாதவன் 64 தாக்குதல்கள் வரை நிற்பான். ஒரு பொருள் அணிந்தவன் சராசரியாக 80 வரை நிற்பான்; இரண்டு அணிந்தவன் 100, மூன்று அணிந்தவன் 125. கூடுதலாகக் கிடைப்பவை 16, 20, 25. குறைவதுபோல் தெரிந்த பயன் உண்மையில் வளர்கிறது!

இதை நீங்களே சோதிக்கலாம். இரண்டு கிண்ணங்களில் ஐந்தைந்து புளியங்கொட்டைகளைப் போடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கொட்டையில் மட்டும் சுண்ணாம்புப் பொட்டு வையுங்கள். கண்ணை மூடி, கிண்ணத்துக்கு ஒன்றாக எடுங்கள். ஏதேனும் ஒன்றில் பொட்டு இருந்தால் தப்பியதாகக் கணக்கு. எடுத்தவற்றைத் திரும்பப் போட்டு, நூறு முறை செய்து பாருங்கள். விடை 36-ஐ ஒட்டி வரும். 40-ஐத் தாண்டுவதும் எப்போதாவது நேரும். ஆயிரம் முறை செய்தால் 36 சதவீதத்தை இன்னும் நெருங்கும்.

இந்தப் பெருக்கலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரு கிண்ணத்தில் நடப்பது மற்றொன்றைப் பாதிக்கக் கூடாது. இந்த நிபந்தனையை மறந்தால் என்ன ஆகும் என்பதை அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டில் காணலாம்.

அங்கே ஒரு விவசாயிக்குக் கண்மாய்ப் பாசனமும் கிணறும் உள்ளன. கணக்குக்காக, ஒவ்வொன்றும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வற்றும் எனக் கொள்வோம். ½ × ½ = ¼. இரண்டும் சேர்ந்து வற்றுவது நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் என்று பெருக்கல் சொல்கிறது. ஆனால் கண்மாயை நிரப்புவதும், கிணற்றின் ஊற்றைக் காப்பதும் ஒரே வடகிழக்குப் பருவமழைதான். ஐப்பசி, கார்த்திகையில் மழை பொய்த்தால் குண்டாற்றில் நீர் வராது. கண்மாய் வறண்டால் அதை அடுத்த கிணறும் இறங்கும். அவர் அணிந்திருப்பவை இரண்டு கவசங்கள் அல்ல, ஏறத்தாழ ஒன்றே!

ஆகவேதான் மழையை மட்டும் நம்பியிராத வேறு வழிகளும் தேவைப்படுகின்றன. குறைந்த நீரில் விளையும் கம்பும் குதிரைவாலியும் ஒரு வழி. வீட்டில் ஒரு தறி ஓடினால் அது மற்றொரு வழி. தறிக்கும் இடர் உண்டு: நூல் விலை ஏறலாம், சேலை விற்காமல் தேங்கலாம். ஆனால் அந்த இடருக்கு மூலகாரணம் பெரும்பாலும் வேறு. காரணங்கள் எவ்வளவு வேறுபடுகின்றனவோ, அவ்வளவுக்குப் பெருக்கல் நமக்குத் துணை நிற்கும்.

சிந்திக்க: 50 சதவீதம் காக்கும் பொருள்கள் இரண்டு அணிந்தவனும், 25 சதவீதம் காக்கும் பொருள்கள் நான்கு அணிந்தவனும் மோதினால், யாருக்கு அடி குறைவு?